பழைய பிலிம் கேமராவில் பேட்டரி சீக்கிரம் தீருகிறதா?

முட்டம் கடற்கரையில் அந்திச் சூரியனைப் பிடிக்கப் போனேன். வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டரின் முள் செத்துக் கிடந்தது. பேட்டரி போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. தப்பு கேமராவில் இல்லை, நான் போட மறந்த லென்ஸ் மூடியில்.

என்னுடையது பென்டாக்ஸ் கே1000. இதில் மீட்டருக்குத் தனி ஸ்விட்ச் கிடையாது. லென்ஸ் வழியே வெளிச்சம் போகிறவரை பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். மூடி போட்டு இருட்டாக்கினால் மீட்டரில் வெளிச்சத்தை உணரும் செல்லின் மின்தடை ஏறி, செலவு ஏறக்குறைய நின்றுவிடும். நிக்கான் எஃப்எம் வைத்திருப்பவர்கள் பிலிம் ஓட்டும் லிவரை உள்ளே தள்ளி வைத்தால் போதும்.

பேட்டரி வாங்கும்போது எல்ஆர்44 (ஆல்கலைன்) வேண்டாம், எஸ்ஆர்44 (சில்வர் ஆக்சைடு) கேளுங்கள். நாகர்கோவிலில் வாட்ச் கடைகளில் விசாரித்துப் பாருங்கள். விலை கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் சில்வர் ஆக்சைடு கடைசிவரை சுமார் 1.55 வோல்ட்டிலேயே நிற்கும். ஆல்கலைன் மெல்ல மெல்ல இறங்கும்.

அப்புறம் நம்ம ஊர் உப்புக்காற்று. மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். ஆல்கலைன் கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால், பஞ்சுக் குச்சியில் துளி வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடையுங்கள்.

வழியில் பேட்டரி தீர்ந்தாலும் கே1000-இன் ஷட்டர் வேலை செய்யும். சுள்ளென்ற வெயிலில் மீட்டர் இல்லாமலே, 200 ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) பிலிமுக்கு லென்ஸ் துளை எஃப்16, ஷட்டர் வேகம் 1/250 நொடி வைத்து எடுங்கள். கேனான் ஏஇ-1 என்றால் பேட்டரி இல்லாமல் ஷட்டரே இயங்காது. பையில் உபரி பேட்டரி ஒன்று கட்டாயம்.