ஆன்லைன் சர்வர் டிரெய்னிங்: வெப் டெவலப்பர்களும் அட்மின்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆன்லைன்ல வெப் டெவலப்மெண்ட், சர்வர் அட்மின் டிரெய்னிங் முடிச்சவங்க நிறைய பேர் இருக்காங்க, ஆனா ஒரு காலி லினக்ஸ் சர்வர கையில குடுத்து இதுல ஒரு சைட்ட ஏத்திக் காட்டுங்கன்னு சொன்னா முழிக்கிறவங்கதான் அதிகம். இவங்க சோம்பேறிங்க இல்ல. எல்லா செஷனும் ஒழுங்கா அட்டெண்ட் பண்ணிருப்பாங்க, நோட்ஸ் எடுத்திருப்பாங்க, ரெக்கார்டிங்க ரெண்டாவது வாட்டி கூட போட்டு பாத்திருப்பாங்க. உழைப்பு தப்பான இடத்துல செலவாகுது, அதான் பிரச்சனை. அது எங்கெங்க போகுதுன்னு எனக்குத் தெரிஞ்சத எழுதறேன்.

முதல் தப்பு, பாக்கறதையே கத்துக்கறதுன்னு நினைக்கறது. டிரெய்னர் கமாண்ட் அடிக்கறாரு, அது வேலை செய்யுது, நமக்கும் எல்லாம் புரிஞ்ச மாதிரியே இருக்கும். 2006ல ரோடிகர், கார்பிக்னு அமெரிக்காவுல ரெண்டு சைக்காலஜி ஆராய்ச்சியாளர்கள் காலேஜ் ஸ்டூடண்ட்ஸ வச்சு ஒரு பரிசோதனை பண்ணாங்க, ஒரு பக்கம் பாடத்த திரும்பப் படிக்கச் சொன்னாங்க, இன்னொரு பக்கம் படிச்சத மூடி வச்சிட்டு ஞாபகத்துல இருந்து எழுதச் சொன்னாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வச்சப்ப திரும்பப் படிச்சவங்கதான் மேல, ஒரு வாரம் கழிச்சு வச்சப்ப எழுதிப் பாத்தவங்க மேல. செஷன் முடிஞ்ச உடனே எல்லாம் தெரியுதுங்கற நினைப்பு ஏன் ஒரு வாரத்துல காணாம போகுதுன்னு இதுல இருந்தே புரிஞ்சுக்கலாம். அதனால ரெக்கார்டிங்க முழுசா ரெண்டாவது தடவை பாக்காதீங்க, அடுத்த நாள் புதுசா ஒரு விஎம் (உங்க கம்ப்யூட்டருக்குள்ளயே ஓடற விர்ச்சுவல் மெஷின்) போட்டு, நோட்ஸ மூடிட்டு, என்ஜின்எக்ஸ்ங்கற வெப் சர்வர இன்ஸ்டால் பண்றதுல இருந்து சைட் லோட் ஆகற வரைக்கும் தனியா பண்ணுங்க, எங்க மாட்டிக்கறீங்களோ அந்த இடத்துக்கு மட்டும் ரெக்கார்டிங்குக்கு போங்க.

அடுத்தது, என்னப் பொறுத்தவரை இதுதான் இருக்கறதுலயே பெரிய தப்பு, எரர் வர்ற இடத்த ஓட்டி விடறது. லைவ் செஷன்ல டிரெய்னருக்கே ஒரு கமாண்ட் ஃபெயில் ஆகும், அவரு லாக்க, அதாவது நடந்தத சர்வர் எழுதி வைக்கற ஃபைல, திறப்பாரு, ரெண்டு மூணு விஷயம் சந்தேகப்படுவாரு, ஒண்ணொண்ணா விலக்குவாரு, அப்பறம் சரி பண்ணுவாரு. மொத்த செஷன்லயும் விலைமதிக்க முடியாத பத்து நிமிஷம் அதுதான், ஆனா நிறைய பேர் அந்த நேரத்துலதான் ஃபோன எடுக்கறாங்க, சில டிரெய்னருங்க ரெக்கார்டிங்ல அத வெட்டியே விட்டுடறாங்க, எனக்கு அதப் பாத்தா உண்மையிலேயே வருத்தமா இருக்கும்.

403 எரர எடுத்துக்கோங்க. சைட்ட திறந்தா ஃபர்பிடன்னு, அதாவது அனுமதி இல்லன்னு வருது, உடனே யாராவது சாட்ல சிஎச்மாட் 777, அதாவது எல்லாருக்கும் எல்லா பெர்மிஷனும் குடுக்கற கமாண்ட், போடுங்கன்னு சொல்லுவாங்க. அப்படி போட்டா அந்த சர்வர்ல இருக்கற எந்த யூசரும், எந்த ப்ராசஸும் உங்க ஃபைல மாத்தி எழுதலாம், அது ஒரு பக்கம், பல சமயம் அது பிரச்சனைய தீர்க்கவே தீர்க்காது. ஏன்னா ஃபைலுக்கு 644 (மத்தவங்க படிக்க மட்டும் முடியும்), டைரக்டரிக்கு 755னு (மத்தவங்க உள்ள நுழையவும் முடியும்) சரியாவே இருக்கும், ஆனா மேல இருக்கற ஏதோ ஒரு டைரக்டரிக்குள்ள நுழைய வெப் சர்வர் யூசருக்கு எக்சிக்யூட் பெர்மிஷன் இருக்காது. உபுண்டு 21.04ல இருந்து புது யூசரோட ஹோம் டைரக்டரி 750தான், அதாவது ஓனரும் அவரோட குரூப்பும் தவிர மத்தவங்க உள்ள நுழைய முடியாது, முன்னாடி 755ஆ இருந்துச்சு, அதனால பழைய ரெக்கார்டிங்ல ஹோம் டைரக்டரிக்குள்ள சைட்ட வச்சு ஓட்டிக் காட்டுனது இப்ப நீங்க அதே மாதிரி பண்ணா 403தான் தரும். ரெட்ஹேட் வகை லினக்ஸ் ஓடற சர்வர்ல இன்னொரு காரணமும் இருக்கு, ஹோம்ல இருந்து ஃபைல மூவ் பண்ணி கொண்டு வந்தா அதோட பழைய எஸ்இலினக்ஸ் (எந்த ப்ராசஸ் எந்த ஃபைல தொடலாம்னு லேபிள் வச்சு கட்டுப்படுத்தற பாதுகாப்பு) லேபிளும் கூடவே வந்துடும், பெர்மிஷன் எல்லாம் கரெக்டா தெரியும் ஆனா வெப் சர்வரால படிக்க முடியாது, ரெஸ்டோர்கான் கமாண்ட் ஒரு வரில அத சரி பண்ணிடும். இது தெரியாம எஸ்இலினக்ஸையே ஆஃப் பண்ணுங்கன்னு சொல்லித் தர்ற கிளாஸ் நிறைய இருக்கு. அது கத்துக் குடுக்கறது இல்ல. 502 எரர் (பின்னாடி ஓடற ப்ரோக்ராம் சரியா பதில் தரல) வந்தாலும் இதே கதைதான், என்ஜின்எக்ஸோட எரர் லாக்ல கடைசி வரிய படிச்சாலே பின்னாடி பிஎச்பி கோட ஓட்டற பிஎச்பி-எஃப்பிஎம் ஓடலையா, இல்ல அதோட பேசற சாக்கெட் ஃபைலோட பாத் தப்பா இருக்கான்னு அதுவே சொல்லிடும், படிக்காம ரீஸ்டார்ட் மேல ரீஸ்டார்ட் பண்ணிட்டு இருந்தா நேரம்தான் போகும்.

மீட்டிங் சாட்ல டிரெய்னர் போடற கமாண்ட்ட காப்பி பேஸ்ட் பண்றதும் வேண்டாம். சில சாட் விண்டோ நேரான கோட்ஸ வளைஞ்ச கோட்ஸா மாத்திடும், ரெண்டு ஹைஃபன ஒரு நீளமான கோடா மாத்திடும், பாக்க ஒண்ணா இருக்கும், கமாண்ட்ட ஓட்டற ஷெல்லுக்கு அது வேற எழுத்து. கையால அடிங்க, அடிக்கும்போதுதான் இந்த ஆப்ஷன் எதுக்குன்னு கேள்வியே வரும்.

பழகறதுக்கு ஆஃபீஸ் சர்வர யூஸ் பண்றத பத்தி கொஞ்சம் கடுமையாவே சொல்றேன், பண்ணவே பண்ணாதீங்க. 2017 ஜனவரி 31ல கோட சேமிச்சு வைக்கற சேவை நடத்தற கிட்லேப் கம்பெனில ஒரு இன்ஜினியர் தப்பான சர்வர்ல டெலீட் கமாண்ட ஓட்டிட்டாரு, ப்ரொடக்‌ஷன் டேட்டாபேஸ்ல கிட்டத்தட்ட 300 ஜிபி போச்சு. பேக்கப் வேலை எல்லாம் செட் பண்ணிதான் வச்சிருந்தாங்க, ஆனா டேட்டாபேஸ பேக்கப் எடுக்கற பிஜி டம்ப் டூலோட வெர்ஷன் பொருந்தாம பேக்கப் எடுக்கறது ரொம்ப நாளா ஃபெயில் ஆயிட்டிருந்துச்சு, அது யாருக்கும் தெரியல, ஏன்னா ஃபெயில் ஆச்சுன்னு சொல்ற மெயிலே போய்ச் சேரல. ஆறு மணி நேரத்துக்கு முன்னாடி எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து நிலைய அப்படியே பதிஞ்சு வச்ச காப்பி) காப்பாத்துச்சு. இதெல்லாம் அவங்களே வெளிப்படையா எழுதி வச்சிருக்காங்க, எந்த பாடத்த விடவும் அது நல்ல பாடம், தேடிப் படிங்க. அனுபவம் இருக்கறவங்களுக்கே ரெண்டு டெர்மினல் குழம்பும்போது கத்துக்கறவங்க ப்ரொடக்‌ஷன்ல கை வைக்கறது நியாயமே இல்ல. உங்க மெஷின்லயே விர்ச்சுவல்பாக்ஸ்ல ஒரு விஎம் போதும், எதையும் தொடறதுக்கு முன்னாடி ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க, அப்பறம் தைரியமா உடைங்க. பேக்கப் கிளாஸ் வந்தா பேக்கப் எடுக்கறதோட நிறுத்தாதீங்க, அந்த விஎம்ம அழிச்சிட்டு வேற ஒண்ணுல ரெஸ்டோர் பண்ணி சைட் ஓடுதான்னு பாக்கற வரைக்கும் அந்த பாடம் முடியல.

ஃபயர்வால் செஷன்ல பாதி பேர் தன்னையே வெளிய பூட்டிக்குவாங்க. தூரத்துல இருந்து சர்வர்ல லாகின் ஆக உதவற எஸ்எஸ்எச்ச அலவ் பண்ணாம, உபுண்டுல இருக்கற ஃபயர்வால் டூல் யுஎஃப்டபிள்யூவ எனேபிள் பண்ணிட்டு லாக் அவுட் ஆனா திரும்ப உள்ள போக முடியாது. எஸ்எஸ்எச், ஃபயர்வால் எத மாத்தினாலும் இப்ப இருக்கற கனெக்‌ஷன மூடாம ரெண்டாவது டெர்மினல்ல புதுசா லாகின் ஆகிப் பாருங்க, அது வேலை செஞ்சா மட்டும் பழசை மூடுங்க. டாக்கர் (ஆப்ஸ தனித்தனி கண்டெய்னர்ல ஓட்டற டூல்) யூஸ் பண்றவங்களுக்கு இன்னொண்ணு, டாக்கர் லினக்ஸோட அடி லெவல் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸ்ல நேரடியா ரூல் எழுதும், யுஎஃப்டபிள்யூல பிளாக் பண்ணிருக்கோம்னு நீங்க நம்பிட்டு இருக்கற டேட்டாபேஸ் போர்ட் வெளிய திறந்தே இருக்கலாம், வேற மெஷின்ல இருந்து செக் பண்ணிப் பாக்கணும்.

செஷன் எப்ப ரெக்கார்ட் பண்ணதுன்னு பாக்காம ஆரம்பிக்கறதும் அடிக்கடி நடக்குது. சென்ட்ஓஎஸ்ங்கற லினக்ஸோட 8ஆவது வெர்ஷனுக்கு சப்போர்ட் 2021 டிசம்பர் 31லயே முடிஞ்சிடுச்சு, 7ஆவது வெர்ஷனுக்கு 2024 ஜூன் 30ல முடிஞ்சுது, அதுக்கப்பறம் சாஃப்ட்வேர் இறக்கற பழைய மிரர் லிஸ்ட் அட்ரஸே கிடைக்காததால, இன்ஸ்டால் பண்ற யம் டூல் முதல் கமாண்ட்லயே எரர் குடுக்கும், பாவம் புதுசா வர்றவங்க தன் நெட் சரியில்லன்னு நினைச்சு ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டுவாங்க. பிஎச்பில பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்ஸ 2015ல வந்த 7.0லயே தூக்கிட்டாங்க, இன்னும் அத வச்சு லாகின் பேஜ் கட்டிக் காட்டற வீடியோ ஓடிட்டுதான் இருக்கு. டிஎன்எஸ், எச்டிடிபி, ஃபைல் பெர்மிஷன் மாதிரி அடிப்படைய பழைய கிளாஸ்ல கத்துக்கலாம், தப்பில்ல. இன்ஸ்டால் பண்ற பகுதிக்கு மட்டும் அந்தந்த சாஃப்ட்வேரோட இப்ப இருக்கற டாக்குமெண்டேஷன பக்கத்துல வச்சுக்கோங்க.

சைட்ட எச்டிடிபிஎஸ் ஆக்கற எஸ்எஸ்எல் பாடத்துலயும் பூட்டு ஐகான் வந்த உடனே எல்லாரும் கிளம்பிடறாங்க. இலவசமா சர்டிஃபிகேட் தர்ற லெட்ஸ் என்க்ரிப்ட்ல வழக்கமா கிடைக்கற சர்டிஃபிகேட்டுக்கு ஆயுசு 90 நாள், ரின்யூவல் தானா நடக்குதான்னு ட்ரை ரன் (நிஜமா மாத்தாம ஒரு ஒத்திகை) போட்டு பாக்கறதுதான் பாடத்தோட முக்கியமான பாதி. ப்ரௌசர் கம்பெனிகளும் சர்டிஃபிகேட் குடுக்கறவங்களும் சேர்ந்து முடிவு பண்ணபடி 2029 மார்ச் 15ல இருந்து குடுக்கற எந்த பப்ளிக் சர்டிஃபிகேட்டும் 47 நாளைக்கு மேல இருக்காது, அதனால கையால ரின்யூ பண்ற முறைய மட்டும் கத்துக்கிட்டா அது ரொம்ப நாள் ஓடாது. பழகும்போது லெட்ஸ் என்க்ரிப்டோட டெஸ்டுக்கான ஸ்டேஜிங் சர்வர யூஸ் பண்ணுங்க, ஒரே டொமைனுக்கு திரும்பத் திரும்ப நிஜ சர்டிஃபிகேட் கேட்டா வாரத்துக்கு அஞ்சோட நிறுத்திடுவாங்க.

ஸ்கிரீன் ஷேர் பண்றப்ப டாட் என்வ் ஃபைல திறந்துடாதீங்க, பாஸ்வேர்ட், ஏபிஐ கீ எல்லாம் ரெக்கார்டிங்ல நிரந்தரமா உக்காந்துடும். தெரியாம கிட்ல (கோடோட மாற்றங்கள பதிஞ்சு வைக்கற டூல்) கமிட் பண்ணிட்டா அடுத்த கமிட்ல அழிச்சா போதும்னு நினைக்காதீங்க, பழைய ஹிஸ்டரில அது அப்படியே இருக்கும், கீயையே மாத்தணும்.

சந்தேகம் கேக்கற விதம் பத்தியும் சொல்லணும். வேலை செய்யலன்னு மட்டும் சாட்ல போட்டா யாராலயும் உதவ முடியாது. என்ன கமாண்ட் அடிச்சீங்க, வந்த எரர் முழுசா டெக்ஸ்ட்டா, எந்த ஓஎஸ் எந்த வெர்ஷன், அதுக்கு முன்னாடி கடைசியா என்ன மாத்துனீங்க, இவ்வளவும் போடுங்க, அத எழுதும்போதே பாதி பேருக்கு விடை கிடைச்சிடும். ஸ்கிரிப்ட்னு ஒரு கமாண்ட் இருக்கு, செஷன் ஆரம்பத்துல அத ஓட விட்டா டெர்மினல்ல நடக்கற எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல எழுதிட்டே வரும், கேள்வி கேக்கும்போது அதுல இருந்து எடுத்துப் போடலாம்.

கிளாஸ் எடுக்கறவங்ககிட்டயும் ஒரு வேண்டுகோள். டெர்மினல் எழுத்த பெருசு பண்ணுங்க, பாதி பேர் சின்ன ஸ்கிரீன்ல பாக்கறாங்க. டைம் சொல்லும்போது யுடிசிலயும் (உலகப் பொது நேரம்) சேத்து சொல்லுங்க, மார்ச்ல அமெரிக்காவும் ஐரோப்பாவும் வேற வேற வாரத்துல கடிகாரத்த மாத்தறதால சில பேர் ஒரு மணி நேரம் தள்ளி வந்து நிப்பாங்க. எல்லாத்துக்கும் மேல, முன்கூட்டியே எல்லாம் செட் பண்ணி வச்ச சர்வர்ல காட்டாதீங்க, ஒவ்வொரு செஷன்லயும் வேணும்னே ஒரு கான்ஃபிக் ஃபைல்ல ஒரு செமிகோலன எடுத்துட்டு, லாக்க எப்படி படிச்சு அத கண்டுபிடிக்கறதுன்னு அவங்களையே பண்ண விடுங்க.