'மெட்ரோபோலிஸ்' படத்தை எப்படிப் பார்ப்பது

ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய ஜெர்மன் மௌனப்படம் 'மெட்ரோபோலிஸ்' 1927 ஜனவரி 10 அன்று பெர்லினில் முதன்முறையாகத் திரையிடப்பட்டது. வானளாவிய கோபுரங்களில் முதலாளிகள், பூமிக்கு அடியில் தொழிலாளர்கள் என இரண்டாகப் பிளந்த நகரத்தின் கதை. டிஸ்டோபியா, அதாவது கொடுங்கனவாக மாறிய எதிர்காலச் சமூகத்தின் கதை, என்று இன்று நாம் சொல்லும் படங்களுக்கு ஒரு முன்னோடி. ஆனாலும் ஆசையாகப் பார்க்க உட்காரும் பலர் அரை மணி நேரத்துக்குள் எழுந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் தப்பு படத்தில் இல்லை. கையில் கிடைத்த பிரதி சரியில்லை, டிவி அமைப்பு சரியில்லை, அல்லது கதையை மட்டுமே பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். இந்தப் படத்தின் கதை எளிமையானது, சில இடங்களில் குழந்தைத்தனமானதும்கூட. மனிதக் கூட்டம் எப்படி நிற்கிறது, எப்படி நடக்கிறது, எந்த வடிவத்தில் திரள்கிறது என்பதில்தான் படம் பேசுகிறது. அதைப் பார்க்கக் கண்ணைப் பழக்கிக்கொண்டால் இரண்டரை மணி நேரம் போவதே தெரியாது.

பிரதியைத் தேர்ந்தெடுப்பது

இதில் தவறினால் மற்ற எல்லாம் வீண். முதல் திரையிடலில் படத்தின் நீளம் 4189 மீட்டர். அதற்குப் பிறகு அமெரிக்காவில் வெட்டினார்கள், ஜெர்மனியிலும் வெட்டினார்கள். பல பத்தாண்டுகளுக்கு உலகம் பார்த்தது அந்த வெட்டுப்பட்ட படத்தைத்தான். வெட்டியதில் போன முக்கியமான பொருள் ஹெல் என்ற பெண்ணின் கதை. விஞ்ஞானி ரோட்வாங் காதலித்தவள். நகரத்தின் அதிபதி ஃபிரெடர்ஸனை மணந்து, மகனைப் பெற்றெடுத்தபோது இறந்தவள். அவளைத் திரும்பப் பெறத்தான் ரோட்வாங் இயந்திரப் பெண்ணை உருவாக்குகிறான். ஹெல் என்ற பெயர் ஆங்கிலத்தில் நரகத்தைக் குறிக்கும் சொல்லைப் போல ஒலிப்பதால் அமெரிக்கப் பதிப்பில் அவளை மொத்தமாகத் தூக்கிவிட்டார்கள். அவள் இல்லாத பிரதியில் ரோட்வாங் காரணமே இல்லாத ஒரு பைத்தியக்கார விஞ்ஞானி. படம் புரியவில்லை என்று சொல்பவர்கள் பலரும் பார்த்தது இப்படிப்பட்ட பிரதியைத்தான்.

2008-இல் புவனோஸ் அயர்ஸ் நகரத் திரைப்பட அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய முழுப் படமும் 16 எம்.எம். பிரதியாகக் கிடைத்தது. அதை வைத்துச் சீரமைத்த பதிப்பு 2010-இல் வெளிவந்தது. உங்களுக்கு வேண்டியது அதுதான். நீளம் சுமார் இரண்டரை மணி நேரம். 2001-இல் சீரமைத்த பதிப்பு சுமார் 2 மணி நேரம். படம் பளிச்சென்று இருக்கும், ஆனால் காட்சிகள் குறைவு. இசையமைப்பாளர் ஜியார்ஜியோ மொரோடர் 1984-இல் வண்ணம் ஏற்றிப் பாப் பாடல்கள் சேர்த்த பதிப்பு ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. அதைத் தனி அனுபவமாகப் பிறகு பார்க்கலாம், முதலில் வேண்டாம்.

பிரதியைச் சோதிக்க ஒரு வழி: ரோட்வாங்கின் வீட்டில் ஒரு திரை விலகி, பெண்ணொருத்தியின் பிரம்மாண்டமான கல் தலை தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் நிறுத்திவிட்டு வேறு பிரதி தேடுங்கள்.

2010 பதிப்பில் சில இடங்களில் படம் திடீரென்று மழை பெய்வதுபோலக் கோடு கோடாகிவிடும், ஓரத்தில் கறுப்புப் பட்டையும் வரும். உங்கள் பிரதி கெட்டுப்போய்விட்டதாக நினைக்க வேண்டாம். தேய்ந்துபோன 35 எம்.எம். பிரதியிலிருந்து 16 எம்.எம்.முக்கு எடுத்தபோது அந்தக் கீறல்களும் சேர்ந்தே பதிவாகிவிட்டன. ஃப்ரேம் அளவும் கொஞ்சம் வெட்டுப்பட்டது. கீறல் வந்தால் எண்பது ஆண்டுகள் காணாமல் போயிருந்த காட்சியைப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். அங்கே கூடுதல் கவனம் வையுங்கள். தொழிலாளி 11811-இன் கதை, ஒல்லியான ஒற்றன் பின்தொடரும் காட்சிகள் இவையெல்லாம் பெரும்பாலும் அந்தக் கீறல்களுக்குள்தான் இருக்கின்றன.

திரையும் ஒலியும்

படம் கிட்டத்தட்ட சதுரமானது, 4:3. இன்றைய டிவிகள் அதை இழுத்து அகலமாக்கிவிடும். தொடக்கத்திலேயே ஒரு பெரிய கடிகாரம் வரும். அது வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்தில் தெரிந்தால் அமைப்பை மாற்றுங்கள். இருபுறமும் கறுப்பு இடம் இருப்பதே சரி. அசைவை வழவழப்பாக்கும் வசதியை (மோஷன் ஸ்மூத்திங்) கட்டாயம் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ஆட்கள் தண்ணீரில் மிதப்பதுபோல நகர்வார்கள். ஷார்ப்னஸைக் குறையுங்கள், இல்லாவிட்டால் படச்சுருளின் நுண்புள்ளிகள் (கிரெய்ன்) எறும்புக் கூட்டம்போல ஊரும். அறையை இருட்டாக்குங்கள். சுரங்கக் கல்லறைக் காட்சிகளில் வெளிச்சம், தொழிலாளர்களுக்கு நம்பிக்கை ஊட்டும் மரியா என்ற பெண்ணின் கையிலிருக்கும் மெழுகுவர்த்தி அளவுக்குத்தான்.

மௌனப்படம்தானே என்று ஒலியைக் குறைக்கக் கூடாது. கோட்ஃப்ரீட் ஹுப்பெர்ட்ஸ் இந்தப் படத்துக்கென்றே எழுதிய இசை அது. அவருடைய இசைத்தாளில் காட்சிகளுக்கான குறிப்புகள் ஆயிரத்துக்கும் மேல். சீரமைத்தவர்கள் காட்சிகளின் வரிசையை உறுதிசெய்ய அதைத்தான் துணைக்கு வைத்துக்கொண்டார்கள். படத்தை வேகமாக ஓட்டினால் இந்த இழை அறுந்துவிடும்.

காட்சிகளுக்கு நடுவே வசனம் காட்டும் ஜெர்மன் எழுத்து அட்டைகளை அப்படியே வைத்து, கீழே உங்கள் மொழியில் துணையெழுத்து போட்டுக்கொள்ளுங்கள். அட்டைகளும் நடிக்கின்றன. தொழிலாளர் நகரம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று சொல்லும் வரிகள் லிஃப்ட்டோடு சேர்ந்து கீழே இறங்கும். மேல்தட்டுப் பிள்ளைகளின் உலகத்தைச் சொல்லும் வரிகள் மேலே ஏறும்.

ஒரே மூச்சில் பார்க்க முடியாதவர்கள் படமே பிரித்துத் தந்திருக்கும் மூன்று பகுதிகளின் முடிவில் நிறுத்தலாம். முதல் பகுதி ஒரு மணி நேரத்துக்கு மேல், அதுதான் நீளமானது. நடுவில் எங்காவது நிறுத்தினால் தாளம் போய்விடும்.

எதைப் பார்ப்பது

முதல் ஷிப்ட் மாறும் காட்சியைத் தவறவிடாதீர்கள். சுவரில் இரண்டு கடிகாரம்: ஒன்றில் 24 மணி, பெரியதில் 10 மணி. தொழிலாளியின் நாள் பத்து மணி நேரம் என்பதை வசனமில்லாமல் சொல்லியாயிற்று. பிறகு இரண்டு அணிகள், ஒன்று உள்ளே போகிறது, ஒன்று வெளியே வருகிறது. கால்களைப் பாருங்கள். தலை எல்லாருக்கும் ஒரேபோலக் குனிந்திருக்கும், ஆனால் வேலை முடித்து வருகிறவர்களின் நடை மற்றவர்களின் நடையில் பாதி வேகம்தான்.

அடுத்து இயந்திரம் வெடித்து, அதிபதியின் மகன் ஃபிரெடரின் கண்ணுக்கு அது மோலோக் என்ற நரபலித் தெய்வத்தின் முகமாக மாறும் இடம். முதலில் கட்டப்பட்ட அடிமைகளை இழுத்துப்போய் அந்த வாய்க்குள் தள்ளுகிறார்கள். கண் இமைத்தால் அடுத்தது தப்பிப்போகும்: அவர்களுக்குப் பின்னால் சீருடை அணிந்த தொழிலாளர்கள், யாரும் இழுக்காமல், அணி அணியாகத் தாங்களே படியேறி உள்ளே போகிறார்கள். படத்திலேயே கொடூரமான காட்சி என்றால் அதுதான். நிறுத்தி இன்னொரு முறை ஓட்டிப் பார்க்கத் தகுந்தது.

பிரிகிட்டே ஹெல்ம் மரியாவாகவும், அவள் உருவம் பெற்ற இயந்திரப் பெண்ணான போலி மரியாவாகவும் நடிக்கிறார். உடை கிட்டத்தட்ட ஒன்றுதான், வித்தியாசம் உடம்பில். மெய்யான மரியாவின் கைகள் நிதானமானவை, பார்வை நேரானது. போலி மரியாவின் தலை வெட்டி வெட்டித் திரும்பும், ஒரு தோள் உயரும், ஒரு கண்ணிமை மட்டும் மெல்ல இறங்கும். ஃபிரெடராக வரும் குஸ்டாவ் ஃப்ரோலிக் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவது பலருக்கு மிகையாகத் தெரியும். கூத்து பார்க்கும்போது அசைவுக்குத் தரும் இடத்தை இங்கேயும் கொடுங்கள். கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடும்.

தந்திரக் காட்சிகளை எப்படி எடுத்தார்கள் என்று தெரிந்தால் ரசனை கூடும். தந்திரக் காட்சிகளை எடுத்த ஒய்கன் ஷுஃப்டான் கேமராவுக்கு முன்னால் 45 டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடியை வைத்தார். அதில் மினியேச்சர் கட்டடத்தின் பிம்பம் விழும். நடிகர்கள் தெரிய வேண்டிய இடத்தில் மட்டும் கண்ணாடியின் ரசப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டால், அந்த ஓட்டை வழியாக அவர்கள் தெரிவார்கள். இரண்டும் ஒரே ஷாட்டில் பதிவாகிவிடும். பணக்காரப் பிள்ளைகள் ஓடும் மைதானம் இப்படி எடுத்ததுதான்: கீழே ஓடுபவர்கள் நிஜம், மேலே எழும் பெருஞ்சுவர் மினியேச்சர். இரண்டும் சேரும் கோட்டைத் தேடிப் பாருங்கள். இயந்திரப் பெண்ணைச் சுற்றி ஏறி இறங்கும் ஒளி வளையங்களோ, ஒரே படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி மீண்டும் மீண்டும் பதிவுசெய்து கேமராவுக்குள்ளேயே செய்தவை.

முடிவில் வரும் சிக்கல்

தலைக்கும் (முதலாளிக்கும்) கைக்கும் (தொழிலாளிக்கும்) நடுவே இதயம் தூதாக வேண்டும் என்ற வாசகத்தோடு படம் முடிகிறது. இது பலவீனமான தீர்வு. அறிவியல் புனைகதை எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1927-லேயே படத்தைக் கடுமையாகச் சாடினார். லாங்கும் பிற்காலத்தில் படத்தின் இந்தத் தீர்வை ஏற்கவில்லை. திரைக்கதை எழுதிய அவர் மனைவி தேயா ஃபான் ஹார்போ பின்னாளில் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். லாங் 1933-இல் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். இதையெல்லாம் தெரிந்துகொண்டே பார்ப்பது நல்லது, மழுப்பத் தேவையில்லை.

ஆனால் வாசகத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பாருங்கள். தேவாலய வாசலில் முதலாளியும் ஃபோர்மேன் கிரோட்டும் கை குலுக்கப் போகிறார்கள். அவர்களை நோக்கி வரும் தொழிலாளர்கள், சற்றுமுன் வெறிபிடித்து ஓடிய அதே கூட்டம், இப்போது கச்சிதமான முக்கோணமாக அணிவகுத்து வருகிறது. படம் முடிந்ததும் உடனே அணைக்காமல் தொடக்கத்துக்குப் போய் ஷிப்ட் மாறும் காட்சியை மறுபடி ஓட்டுங்கள். அந்தச் சதுர அணியையும் இந்த முக்கோணத்தையும் பக்கத்தில் வைத்து, விடுதலை ஆனவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்று கவனியுங்கள்.