குறட்டை விடும் பிள்ளையை ஓடவிடுவது எப்படி

என் மகனுக்கு அப்போது 9 வயது, 46 கிலோ. அவனுடைய குறட்டை ஸ்ரீரங்கத்து வீட்டுக் கூடத்தைத் தாண்டி வாசல் வரை கேட்கும். "ஆடிக் களைத்து அசந்து தூங்குகிறான், எழுப்பாதே" என்பார் என் மாமியார். நானும் நம்பினேன். மின்சாரம் போய் மின்விசிறி நின்ற ஒரு விடியற்காலையில்தான் உற்றுப் பார்த்தேன். குறட்டை சட்டென்று நின்றது. வயிறு மேலே எழும்புகிறது, நெஞ்சு உள்ளே ஒடுங்குகிறது, காற்று மட்டும் போகவில்லை. பதினொன்று வரை எண்ணினேன். பிறகு பெரிதாக ஒரு செருமல், உடம்பு தூக்கிப்போட்டது, புரண்டு படுத்தான், மறுபடியும் குறட்டை.

ஆகவே முதல் வேலை ஓட்டமல்ல, வீடியோ. சட்டையைக் கழற்றிப் படுக்க வையுங்கள். நெஞ்சும் வயிறும் தெரிய வேண்டும், சத்தமும் பதிவாக வேண்டும். படுத்தவுடன் எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் சிக்காது. பிள்ளைகளுக்கு இந்த மூச்சடைப்பு கனவுத் தூக்கத்தில்தான் அதிகம், அது பின்னிரவில் கூடும். நான்கு மணிக்கு அலாரம் வைத்து எடுங்கள். வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் குறட்டை, வாயால் மூச்சு, தலையணை நனையும் வியர்வை, நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வருவது, இவை இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் வீடியோவுடன் போங்கள். நாங்கள் முதலில் பார்த்தவர் வாயைத் திறக்கக்கூடச் சொல்லாமல் "எடையைக் குறையுங்கள்" என்று அனுப்பிவிட்டார். குண்டான பிள்ளைக்கும் தொண்டையில் டான்சில் வீங்கி மூச்சை அடைக்கலாம். அந்த வீக்கத்தை எந்த ஓட்டமும் கரைக்காது. இரண்டாமவர் தூக்கப் பரிசோதனை செய்து, இலேசான அடைப்புதான் என்று மூக்குக்கு மருந்து கொடுத்து, மூன்று மாதம் நன்றாக விளையாட விட்டு அழைத்து வரச் சொன்னார்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 7 முதல் 11 வயதுள்ள எடை கூடிய பிள்ளைகளைப் பள்ளி முடிந்ததும் தினம் 20 அல்லது 40 நிமிடம் ஓடியாட வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சுமார் மூன்று மாதத்தில் குறட்டைத் தொல்லை குறைந்தது. எடையில் பெரிய மாற்றம் வருவதற்கு முன்பே குறைந்தது என்பதுதான் எனக்குத் தெம்பு தந்த செய்தி. அன்றே எடை பார்க்கும் கருவியைப் பரணில் போட்டேன்.

இரவெல்லாம் மூச்சுக்குப் போராடிய பிள்ளை மாலையில் சோர்ந்துதான் இருப்பான். அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். முதல் வாரம் எட்டு நிமிடம் போதும். மொட்டை மாடியில் திருடன் போலீஸ், கயிறு தாண்டல், எதுவானாலும் சரி. "ஓடு" என்றால் நகரமாட்டான். நான் துரத்தினால் ஓடினான். வேகத்தை அளக்கக் கருவி வேண்டாம்: பேச வர வேண்டும், பாட வரக்கூடாது. பாட்டு வந்தால் வேகம் போதாது. பேச்சே வராவிட்டால் உட்காரச் சொல்லி இளைப்பாற விடுங்கள். இளைப்பில் விசில் சத்தம் கேட்டால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள்.

வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டினோம். ஒரே மூச்சில் நாற்பது நிமிடம் வேண்டாம். பள்ளி விட்டதும் 20, ஆறு மணிக்கு மேல் 20. சித்திரை வெயிலில் மாடித் தரை ஏழு மணிக்கும் சுடும், அப்போது கீழே தெருவில். டியூஷனில் இரண்டு நாளை வெட்டினேன். அதற்கு வீட்டில் நடந்த சண்டை தனிக் கதை. எட்டு மணிக்கு மேல் ஆட்டம் இல்லை, ஒன்பதுக்குப் படுக்கை. இந்த வயதுக்கு 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். "குண்டா" என்று கூப்பிடும் உறவினர்களுக்கு மாடிப் பக்கம் அனுமதி இல்லை.

மூன்று மாதம் கழித்து அதே நான்கு மணிக்கு வீடியோ எடுத்தேன். எடை 46 கிலோதான். சளி பிடித்தால் மட்டும் குறட்டை எட்டிப் பார்க்கிறது. மற்ற இரவுகளில் சத்தமே இல்லை என்று மாமியார் எழுந்துபோய் அவன் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டு வருகிறார்.