ஒரே வைஃபை, ரெண்டு போர்ஷன்: சண்டை இல்லாம பிரிக்கறது எப்படி

வேலூர்ல சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம் இது சகஜம், ஒரு பைபர் கனெக்சன் போட்டு முன் போர்ஷனும் பின் போர்ஷனும் பில்லை பாதி பாதி கட்டுவாங்க, ஆனா ரவுட்டர் முன்னாடி, பின்னாடி போறதுக்குள்ள ரெண்டு செவுரு, சாயங்காலம் ஆனா "இன்னாபா இது, சுத்திகினே கீது"னு ஆரம்பிச்சிடும். கேம் தியரில (ஆளுக்கு ஆள் லாபம் பாக்கற எடத்துல யார் என்ன முடிவெடுப்பாங்கனு பாக்கற கணக்கு) இதுக்கு வழி இருக்கு, பேனா பேப்பர் போதும்.

மொதல்ல அளங்க. ஸ்பீட் டெஸ்ட் ஆப் வேணாம், அது வெளி லைனையும் சேத்து அளக்கும். ரவுட்டர்ல வயர் போட்டு ஒரு லேப்டாப்பை மாட்டி ஐபெர்ஃப்3 (வீட்டுக்குள்ள ஓடற ஸ்பீடை மட்டும் அளக்கற சாஃப்ட்வேர்) ஓட்டுங்க, ஒவ்வொரு போர்ஷன்ல இருந்தும் வைஃபைல அந்த லேப்டாப் வரைக்கும் அளங்க, ஒருத்தர் அளக்கும்போது மத்தவங்க ஆஃப். முன்னாடி தனியா 80 எம்பிபிஎஸ், பின்னாடி தனியா 8னு வெச்சிக்கலாம்.

நாம பங்கு போடறது ஸ்பீடு இல்ல, காத்துல கிடைக்கற நேரம், ஏர்டைம். பழைய வைஃபை பாக்கெட்டுக்கு பாக்கெட் (டேட்டாவோட சின்ன துண்டு) சம வாய்ப்பு குடுக்கும், மெதுவான ஆளோட பாக்கெட் பத்து மடங்கு நேரம் அடைச்சிக்கும், கடைசில ரெண்டு பேருக்குமே 7.3 தான். பிரான்ஸ்ல கிரெநோபிள்ல இருக்கற ஆராய்ச்சியாளருங்க 2003லயே இதை காட்டிட்டாங்க. அதனால ரவுட்டர்ல ஏர்டைம் ஃபேர்னெஸ் இருந்தா ஆன் பண்ணுங்க, ஆளுக்கு பாதி நேரம், 40ம் 4ம் வரும்.

4 வெச்சிக்கிட்டு என்ன பண்றது? முன் போர்ஷன்ல ஒரு ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பற பெட்டி) மாட்டணும். ஒரே சேனல்ல டேட்டா ரெண்டு தடவை போறதால 80 பாதியாகி 40 ஆவும், அப்பவும் 8க்கு 40 எவ்ளோ தேவலாம்.

சிக்கலே இங்கதான். இப்பவும் பாதி பாதினு வெச்சா முன்னாடி 40, பின்னாடி 20. பின் ஆளுக்கு அஞ்சு மடங்கு, முன் ஆளுக்கு ஒண்ணுமே ஏறல, பிளக்கும் அவர்து கரண்டும் அவர்து (10 வாட்னா மாசம் 7.2 யூனிட்). ஒரு நாள் புடுங்கி போட்டுடுவாரு, நானா இருந்தாலும் அதான் பண்ணுவேன்.

ஜான் நாஷ்னு ஒரு அமெரிக்க கணித மேதை 1950ல பேரம் பேசறதுக்கு ஒரு கணக்கு குடுத்தாரு. பேச்சு முறிஞ்சா யாருக்கு எவ்ளோனு மொதல்ல எழுதுங்க, நமக்கு 40, 4. அதுக்கு மேல ஒவ்வொருத்தருக்கும் எவ்ளோ ஏறுதோ அந்த ரெண்டையும் பெருக்குங்க, எங்க பெருசா வருதோ அதான் பங்கு.

முன் ஆளுக்கு நேரத்துல 50% குடுத்தா 0×16, பூஜ்யம்
60%னா 48, 16; 8×12=96
70%னா 56, 12; 16×8=128
80%னா 64, 8; 24×4=96

70% தான் ஜெயிச்சுது. ஏன் பெருக்கணும், கூட்டினா ஆவாதானு கேப்பீங்க, கூட்டினா 90% வரைக்கும் முன்னாடியே தள்ளும், 72ம் 4ம், மொத்தம் 76, பாக்க ஜோரா இருக்கும் ஆனா பின் ஆளுக்கு பழைய 4 தான். "பாதி பில் கட்றேன் எனக்கு 30% தானா"னு அவர் கேட்டா, பில்லுல கொஞ்சம் கொறைச்சிக்கறது தனி பேச்சு, ஸ்பீடு 4ல இருந்து 12 ஆனதை மொதல்ல காட்டுங்க.

ரவுட்டர்ல பேண்ட்வித் கண்ட்ரோல்ல (யாருக்கு எவ்ளோ ஸ்பீடுனு வெக்கற செட்டிங்) மொத்தம் 68, மினிமம் முன்னாடிக்கு 56, பின்னாடிக்கு 12. உங்க லைன் 100 எம்பிபிஎஸ்னு மொத்தத்தையும் 100னே விட்டா இந்த மினிமம் வேலையே செய்யாது. கேபிபிஎஸ்ல கேட்டா 56000, 12000. மேக்சிமம் டைட்டா போடாதீங்க, ஒருத்தர் ஊருக்கு போனா இன்னொருத்தர் ஃபுல்லா ஓட்டட்டும். எது யாரோடதுனு ரவுட்டருக்கு தெரியணும்னா ரெண்டு போர்ஷனுக்கும் தனித்தனி ஐபி ரேஞ்ச் (ஒவ்வொரு போன், லேப்டாப்புக்கும் ரவுட்டர் குடுக்கற நம்பர் வரிசை) வேணும்.

மாடில மூணாவது ஆள் சேந்தா மறுபடி அளந்து மூணு லாபத்தையும் பெருக்கணும். ஹவுஸ் ஓனர் செவுத்துல ஓட்டை போட்டு லான் கேபிள் இழுக்க விட்டாருனா, பின்னாடி வேற சேனல்ல தனி ஆக்சஸ் பாயிண்ட் (கேபிள்ல வர்ற நெட்டை வைஃபையா குடுக்கற பெட்டி) வெச்சிட்டு இந்த பேப்பரை கிழிச்சி போட்டுடலாம்.