சொந்தமா நாவல் போடுறவங்க செய்யக்கூடாத சில தப்புங்க

பதிப்பகத்துக்கு அனுப்பி மாசக்கணக்குல பதில் இல்ல, நாமளே போட்டுடலாமான்னு கேக்குறவங்களுக்கு, தாராளமா போடுங்க, ஆனா மொத தடவையே ஆயிரம் காப்பி அடிக்காதீங்க. நான் அடிச்சேன். நிறைய அடிச்சா ஒரு புக்குக்கு ஆகுற செலவு குறையும்னு பிரஸ்ல சொன்னாங்க, கணக்கு சரிதான், ஆனா சொந்தக்காரங்க ஃப்ரெண்ட்ஸ் ஆபீஸ்னு ஒரு ரவுண்டு போனப்புறம் மிச்ச கட்டெல்லாம் கட்டிலுக்கு அடியிலயே கெடந்து மழைக்காலத்துல அட்டை சுருண்டுடுச்சு. இப்பதான் வேணுங்குற அளவுக்கு மட்டும் அடிச்சுக்குற பிஓடி (பிரிண்ட் ஆன் டிமாண்ட்) இருக்கே, அம்பது காப்பி அடிச்சுப் பாருங்க, ஒரு காப்பிக்கு செலவு கூடத்தான் ஆகும், பரவால்ல.

ப்ரூஃப் பாக்குறத நாமளே முடிச்சுக்கலாம்னு நெனைக்கிறது அடுத்த தப்பு. எழுதினவங்க கண்ணு மனசுல இருக்குறதத்தான் படிக்கும். பழைய ஃபான்ட்ல அடிச்சத யூனிகோடுக்கு மாத்துறப்ப கொம்பு, கால் எல்லாம் எங்கயாச்சும் கழண்டுக்கும். என் நாவல்ல அம்மா கடைசியா பையன்கிட்ட சொல்ற ஒரே வார்த்தை "போ". அச்சுல கால் காணாம போயி "பே"ன்னு நிக்குது. அந்தப் பக்கத்த இன்னும் என்னால பாக்க முடியல. ஃபைனல் பிடிஎஃப்ப பிரிண்ட் எடுத்து, பிழைதிருத்தம் தெரிஞ்ச ஒருத்தருக்கு காசு குடுத்து படிக்கச் சொல்லுங்க, அட்டைக்கு செலவு பண்றதுக்கு முன்னாடியே.

அமேசான் கிண்டில்ல இ-புக்கா போடுறவங்க செலக்ட்னு ஒரு திட்டத்த கண்ண மூடிட்டு டிக் பண்ணிடுறாங்க. இந்தியாவுல விக்கிறதுக்கு 70% ராயல்டி வேணும்னா அதுல சேரணும், இல்லன்னா 35%தான், ஆனா சேந்தா 90 நாளைக்கு அந்தக் கதை டிஜிட்டலா வேற எங்கயும் இருக்கக்கூடாது, பிரதிலிபி ஆப்ல தொடரா போட்டது, பிளாக்ல கெடக்குறது எல்லாத்தையும் மொதல்ல எடுத்துடணும்.

காசு வாங்கிட்டு புக் போட்டுத் தர்றவங்க கிட்ட போனா உரிமை யாருக்கு, எத்தனை வருஷத்துக்குன்னு எழுத்துல வாங்கிக்கோங்க. காசும் குடுத்து உரிமையும் குடுத்துட்டு நிக்குறவங்கள பாத்தா வயிறு எரியுது. புக்குக்கான அடையாள நம்பர் ஐஎஸ்பிஎன்னுக்கு தனியா சார்ஜ் கேட்டா குடுக்காதீங்க, அதக் குடுக்குற ராஜா ராம்மோகன் ராய் ஏஜென்சியில நீங்களே அப்ளை பண்ணலாம், ஃப்ரீதான்.

அப்புறம் சென்னை புக் ஃபேர். பொங்கல ஒட்டி வரும், டிசம்பர்ல பிரஸ் பக்கமே போக முடியாது, அவசரத்துல அடிச்சா தப்போடதான் வரும். ஸ்டால் போட்டிருக்குறவங்க யார்கிட்டயாச்சும் உங்க புக்க வைக்கச் சொல்லி முன்கூட்டியே கேட்டு கமிஷன் பேசி வச்சுக்கோங்க, அந்தக் கமிஷனையும் சேத்துதான் விலை போடணும்.