லாகின் செய்தவர் எல்லாவற்றையும் பார்க்கலாமா?

சிங்கப்பூரில் தமிழ்ச் சங்கம், கோயில் தொண்டூழியர் குழு, துணைப்பாட வகுப்பு என்று பலரும் உறுப்பினர்களுக்காகச் சொந்த இணையத்தளம் வைத்திருக்கிறார்கள். கடவுச்சொல் விஷயத்தில் நல்ல கவனமும் இருக்கிறது. ஆனால், உள்ளே வந்தவர் எதைப் பார்க்கலாம், எதை மாற்றலாம் என்ற சோதனைதான் பல இடங்களில் விடுபட்டுப் போகிறது. இணையச் செயலிகளின் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் (OWASP) அமைப்பின் இணையப் பாதுகாப்புக் குறைகள் பட்டியலில் 2017-ல் ஐந்தாவதாக இருந்த இந்தக் குறை, 2021-ல் முதலிடத்துக்கு வந்துவிட்டது.

முதலில், இணைய முகவரியில் தெரியும் எண். உதாரணமாக, ஓர் உறுப்பினரின் ரசீதுப் பக்கத்தின் முகவரி 1041 என்று முடிகிறது. அதை 1042 ஆக்கினால் வேறொருவருடைய பெயர், தொலைபேசி எண், வீட்டு முகவரி எல்லாம் திரையில் வந்துவிடும். இதற்குப் பெரிய தொழில்நுட்ப அறிவெல்லாம் வேண்டாம். அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்ற சொத்துரிமைக் காப்பீட்டு நிறுவனத்தில் ஏறத்தாழ 88.5 கோடி ஆவணப் பதிவுகள் இப்படித் திறந்து கிடந்தது 2019-ல் தெரியவந்தது. சரி, எண்ணுக்குப் பதிலாக ஊகிக்க முடியாத நீளமான குறியீட்டைப் போட்டால் போதுமா? போதாது. அந்த லிங்க்கை யாராவது வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் அதோடு சரி. இந்த ரசீது இவருடையதுதானா என்று சர்வர் ஒவ்வொரு முறையும் பார்த்தாக வேண்டும்.

'நீக்கு' பட்டனை நிர்வாகிக்கு மட்டும் காட்டுவதும் பாதுகாப்பு ஆகாது. பட்டன் இல்லாமலே அதே கோரிக்கையை சர்வருக்கு அனுப்ப முடியும்.

என் பார்வையில் அதிகம் கவனிக்கப்படாதது பக்கவாசல்கள்தான். செயற்குழுவுக்கான பக்கத்தைப் பூட்டியிருப்பார்கள். அதில் இணைத்த பிடிஎஃப் கோப்போ நேரடி முகவரியில் யாருக்கும் திறக்கும். தேடல் பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டினால் பூட்டிய பக்கத்தின் இரண்டு வரிகள் முடிவுகளில் தெரியும். குழுவிலிருந்து விலகியவருக்கு அறிவிப்பு மின்னஞ்சல் போய்க்கொண்டே இருக்கும். இவை ஒவ்வொன்றிலும் அதே அனுமதிச் சோதனை நடக்க வேண்டும்.

அப்புறம், நிர்வாகி கணக்கிலேயே எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்காதீர்கள். சாதாரண உறுப்பினர் கணக்குகள் இரண்டைத் திறந்து, ஒன்றின் லிங்க்கை மற்றொன்றில் போட்டுப் பாருங்கள்.

ஓட்டை தெரிந்தால் மூடி மறைக்கவும் கூடாது. 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தனிப்பட்ட தகவல் கசிந்திருந்தால், அதை உறுதிசெய்த மூன்று நாள்களுக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். யார் எப்போது எதைத் திறந்தார் என்று குறித்துவைக்கும் சர்வர் பதிவுகளை அவசரத்தில் அழித்துவிடாதீர்கள். யாருடைய தகவல் வெளியே போனது என்று கண்டுபிடிக்க அவைதான் உதவும்.