சூப்பர் ஹீரோ படத்தை இரண்டாம் முறை பார்ப்பது எப்படி?

முதல் முறை எதையும் யோசிக்க வேண்டாம். விசில் அடிக்கத் தோன்றினால் அடித்துவிடுங்கள். நான் சொல்லப்போவது இரண்டாம் முறைக்கு. அக்கா மகனுக்குத் துணையாக ஒரே படத்தை நாலைந்து தடவை பார்க்க நேர்ந்ததில் எனக்குப் பழகிப்போன வழி இது.

ரிமோட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நாயகனுக்குச் சக்தி வரும் காட்சியில் நிறுத்துங்கள். எங்கிருந்து வருகிறது அது? 1962இல் காமிக்ஸில் ஸ்பைடர்மேன் அறிமுகமானபோது அவனைக் கடித்தது கதிரியக்கம் ஏறிய சிலந்தி. அணுகுண்டு பயத்தில் உலகம் தூக்கம் கெட்டுக் கிடந்த காலம் அது. அதே ஆண்டு பிறந்த ஹல்க்கும் காமா குண்டு வெடிப்பில் சிக்கியவன்தான். 2002இல் ஸ்பைடர்மேன் படம் வந்தபோது அது மரபணு மாற்றப்பட்ட சிலந்தியாகிவிட்டது. மனித மரபணுத் தொகுப்பின் முதல் வரைவை அறிவித்து அப்போது இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதே பையன், அதே கடி. பயம் மட்டும் வேறு.

"இன்றைக்கு எழுதினால் எந்தச் சிலந்தி?" என்று மருமகனிடம் கேட்டேன்.

"ஏஐ சிலந்தி, மாமா. அது கடிக்காது. பேசியே மயக்கிடும்."

அடுத்து, எதிரி யார் என்று பாருங்கள். 1938இல் வந்த சூப்பர்மேனின் முதல் கதையில் வேற்றுக்கிரகப் படையெடுப்பு எதுவும் கிடையாது. மனைவியை அடிக்கும் ஒருவனைப் பிடிக்கிறார், ஊழல் செனட்டரோடு கைகோத்த தரகரை மிரட்டுகிறார். பொருளாதாரப் பெருமந்தத்தில் நொந்துபோயிருந்த வாசகனுக்கு அப்படி ஒருவர்தான் தேவைப்பட்டார். உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் புலம்பெயர்ந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுடைய நாயகனும் பிறந்த இடத்தை இழந்து வேறிடத்தில் வளர்ந்தவன்.

வில்லன் பேசும்போது ஒலியைக் கூட்டி வையுங்கள். 2018இல் வந்த 'பிளாக் பாந்தர்' படத்தில், உலகெங்கும் நம் கறுப்பினத்தவர் அடிபட்டபோது இவ்வளவு வளத்தோடு ஒளிந்திருந்தீர்களே என்று வகாண்டா என்ற கற்பனை ஆப்பிரிக்க நாட்டாரிடம் வில்லன் கில்மாங்கர் கேட்பான். நியாயமான கேள்விதான், அதற்கு அவன் கண்டுபிடித்த தீர்வுதான் கோணல். வில்லனுக்கு உங்களால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லையென்றால் அது நல்ல படம். இது என் கணக்கு.

கடைசிச் சண்டையை ஓட்டிவிடலாம். வானத்தில் ஒளித்தூண் கிளம்பியதும் நான் தண்ணீர் குடிக்க எழுந்துவிடுவேன்.

படம் முடிந்ததும் ஒரு வேலை பாக்கி. கூடப் பார்த்தவரும் நீங்களும் ஆளுக்கொரு துண்டுக் காகிதத்தில், ஒரே ஒரு சக்தி கிடைத்தால் எது வேண்டும் என்று எழுதுங்கள். பேசி வைத்து எழுதக் கூடாது. நான் எழுதியது, யார் கண்ணிலும் படாமல் மறைவது. அலுவலகத்தில் அப்போது கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. மருமகன் 'பலம்' என்று மட்டும் எழுதியிருந்தான். அப்புறம் மெதுவாக விசாரித்தேன். பள்ளிப் பேருந்தில் ஒரு பெரிய பையன் ஒரு மாதமாக இவனை எழுப்பிவிட்டு ஜன்னல் சீட்டில் உட்கார்ந்துகொள்கிறானாம்.